புல்லட்டை இளைக்க வைக்கிறீங்களா? சேலை கார்டில் கை வைக்காதீங்க!

"டப்... டப்... டப்..." தெருமுனையிலேயே தெரிந்துவிடும், வருவது பழைய புல்லட் என்று! 1955-ல் சென்னைக்கு வந்த கம்பெனியின் இரும்புக் குதிரை அது.

பெரம்பலூர், அரியலூர் வாலிபர்களே! எடை குறைய டூல் பாக்ஸைக் கழற்றினால் போகட்டும். சேலை கார்டையும் கழற்றலாமா? பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. பின்னால் உட்கார்ந்த அம்மாவின் முந்தானை சக்கரத்தில் சிக்கினால் என்ன கதி? அரியலூர் ரோட்டில் பின்னாலேயே வருவது சிமெண்டு லாரி!

அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

வண்டி திணறுதா? முதலில் பாயிண்ட், பிளக், கார்புரேட்டரைப் பாருங்க. சேசிஸில் கத்தி வைக்கும் முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்க!