கடின மண்ணுக்கு ஏற்ற முள்

வீட்டுத் தோட்டம் போடுவதில் நகரவாசிகளுக்கு உண்டாகியிருக்கும் உற்சாகத்தைக் கண்டு விதைக்கடைக்காரர்களும் பூந்தொட்டி வியாபாரிகளும் சந்தோஷப்படுவது நியாயமே. ஆனால் கோடை முழுவதும் தண்ணீர் காணாமல், வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டும் காரைத் தூளும் கலந்து, மணல் லாரி ஏறி ஏறி இறுகிப்போன கொல்லைப்புறத்துச் செம்மண்ணில் அந்த விதையை எங்கே ஊன்றுவது என்ற கட்டம் வரும்போதுதான், அவசரத்தில் வாங்கிவந்த, நான்கு பல் கொண்ட தோட்ட முள் முதல் குத்திலேயே தன் பற்களை ஆளுக்கொரு திசையில் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

மண்வெட்டி நமக்குப் பரம்பரைச் சொத்து. வெட்டவும் வாரவும் வரப்பு அணைக்கவும் அதற்கு நிகரில்லை. ஆயினும் இறுகிய மண்ணில் அதன் அகன்ற தகடு முழு அகலத்திலும் எதிர்ப்பைச் சந்திக்கிறது. முள்ளோ, மிதிப்பவரின் பாரம் அனைத்தையும் நான்கு நுனிகளில் குவித்து, கல் குறுக்கிட்டால் அதன் பக்கத்தில் வழி தேடிக்கொண்டு கீழே இறங்குகிறது. கோரைக் கிழங்கையும் அறுகம்புல் வேரையும் துண்டு துண்டாக்கி ஒன்றைப் பத்தாகப் பெருக்கிவிடாமல் முழுசாக வெளியே கொண்டுவருவதும் அதன் விசேஷம். தமிழர்களில் இதன் அருமையை நன்கு அறிந்தவர்கள் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். செடியை நறுக்கும் கவ்வாத்து, வடிகால் வெட்டும் கான்வெட்டு ஆகியவற்றைப் போல முள்ளுக்குத்து என்பதும் அங்கே ஒரு தனி வேலை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே முள்ளை ஆழ இறக்கி, பிடியைப் பின்னுக்குச் சாய்த்து, மண்ணைப் புரட்டாமல் நெகிழ்த்தி மட்டும் விடுவார்கள். மலைச்சரிவில் புரட்டிப் போட்ட மண் அடுத்த மழைக்கு நிற்குமா?

அந்தச் சாய்ப்பில்தான் முள்ளின் தரம் பரீட்சைக்கு வருகிறது. ஏறக்குறைய 1 மீட்டர் நீளமுள்ள முள்ளில் பல்லுக்கு 30 சென்டிமீட்டர் போக மிச்சம் 70 சென்டிமீட்டர் நெம்புகோலாகிவிடுவதால், மேலே 20 கிலோ பாரத்துக்குச் சமமாக இழுத்தால் பல்லின் நுனியில் அது 45 கிலோவுக்கு மேலாகப் பெருகுகிறது. அத்தனை விசையும் வந்து மோதுகிற ஸ்தானம், பல்லும் பிடியும் கூடுகிற கழுத்து. கடைக்குப் போகிறவர்கள் நுனியின் கூர்மையைத் தடவிப் பார்க்கிறார்களே தவிர, கழுத்தைத் திருப்பிப் பார்ப்பவர்களைக் காண்பது அரிது.

எரு அள்ளும் முள்ளின் பற்கள் உருண்டு மெலிந்து வளைந்திருக்கும். உருளைக்கிழங்கு தோண்டும் முள்ளில் அவை தட்டையாக அகன்றிருக்கும். இரண்டும் கடின மண்ணுக்கு ஆகா. நமக்கு வேண்டியது சதுரித்த பல், அதுவும் கழுத்தை நோக்கிப் போகப்போகத் தடித்திருப்பது. உலோகம் 0.5 முதல் 0.8 சதவீதம் வரை கரி கலந்த எஃகாக இருப்பது உத்தமம். அந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்து, மறுபடியும் அளவாக இளஞ்சூடு காட்டி எடுத்தால் விறைப்பும் வளைந்து மீளும் சுபாவமும் ஒருங்கே சேரும். இந்தத் தோய்ச்சல் சரியாக அமையாவிட்டால் ஒன்று பல் வளையும், அல்லது படீரென்று ஒடியும். லாரியின் பழைய வில்பட்டையை அரிவாளாக அடிக்கிற நம் கொல்லர்களுக்கு இது புதிய வித்தை அல்ல. ஒரு மாதிரியைக் கையில் கொடுத்தால் அதே வில்பட்டையில் முள்ளும் அடித்துத் தருவார்கள். துருப்பிடிக்காத எஃகு பளபளப்பாக இருக்கும், களிமண் ஒட்டாது என்பதெல்லாம் உண்மை. எனினும் மலிவாக வருகிற அந்த ரகம் பூஞ்செடிப் பாத்திக்குத்தான் லாயக்கு.

ஒரே துண்டாகக் காய்ச்சி அடித்த தலைக்கும், தனித்தனிப் பற்களைச் சேர்த்துப் பற்றவைத்த தலைக்கும் ஆயுளில் உள்ள தாரதம்மியம் மிகப் பெரிது. அதை வாங்குகிறவர் கண்டுகொள்ள முடியாதபடி கழுத்து வரைக்கும் பச்சைச் சாயத்தைத் தடிப்பாகப் பூசிவிடுகிறார்கள்.

இவை ஒருபுறம் இருக்க, என்னை மிகவும் கவலைக்குள்ளாக்குவது கணையை, அதாவது பிடிக்கட்டையைப் பற்றிய விஷயம். எவ்வளவு உயர்ந்த முள்ளானாலும் மரத்தாலான கணை ஒரு நாள் தேயும், வெடிக்கும், உளுக்கும். அதை மாற்றிப் போட்டுக்கொள்வது உபகரணத்தின் வாழ்க்கையில் சகஜமான சம்பவமாக இருந்தது. கருவேலங்கட்டையை நிழலில் உலர்த்தி, நரம்பு நெடுகிலும் நேராக ஓடுகிறதா என்று பார்த்து, குழலுக்குள் இறுக்கி ஆணியடித்தால், இரும்பு அதே இரும்பாக இருக்கக் கணை மட்டும் மூன்று தலைமுறைக்கு மூன்று முறை மாறும். இப்போது கடைகளில் தொங்குபவற்றில் பலவற்றுக்கு இரும்புக் குழாயே பிடி. அது தலையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தரம் மடங்கினால் முழுவதும் பழைய இரும்புக்கடைக்குப் போக வேண்டியதுதான். மரப்பிடி உள்ளவற்றிலும் ஈரம் உலராத தைலமரக் கட்டையைச் செருகிவிடுவதால், சித்திரை வெயிலில் மரம் சுருங்கி, தலை ஆட ஆரம்பித்துவிடுகிறது. மாற்றுக் கணை கேட்டால் கடைக்காரர் புது முள்ளையே எடுத்து நீட்டுகிறார். தச்சரிடம் போனால் கூலி புது முள்ளின் விலையை எட்டிவிடுகிறது. நல்ல எஃகு ஒரு முழக் கட்டை இல்லாத குறையால் குப்பைக்குப் போவதும், அதைக் கொடுத்துவிட்டு அதைவிட மட்டமான இரும்பைக் காசு கொடுத்து வாங்கி வருவதும் சிக்கனம் என்று பெயர் பெற்றிருப்பதை என்னவென்று சொல்வது?

மண்ணைக் கிளறவே கூடாது, இலைதழை மூடாக்கும் மண்புழுவுமே அந்த வேலையைச் செய்துவிடும் என்று ஜப்பானிய இயற்கை விவசாயி ஃபுகுவோகாவைப் பின்பற்றுகிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் மண்புழு குடியேறுவதற்கே இடமில்லாத காரைக் கட்டாந்தரையில் ஒரு தரமாவது முள்ளை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இறக்குவதற்கு இரண்டு நாள் முன்பு தண்ணீர் பாய்ச்சிவிடுங்கள். கையில் பிடித்த மண் உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அதுவே பக்குவம். சேறாக இருக்கையில் குத்தினால் மண் முன்னைவிட இறுகும். பெரிய கல்லை முள்ளால் நெம்பாதீர்கள். அதற்குக் கடப்பாரை இருக்கிறது. கடையில் விலை கேட்பதற்கு முன்னால், இதற்குக் கணை தனியாகக் கிடைக்குமா, கழற்றி மாட்ட முடியுமா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், பல் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.