பிறக்கும் குழந்தைக்குள்ள காவல் வளர்ந்த பிள்ளைக்கும் வேண்டும்

ஜொகூர் பாருவில் கர்ப்பிணி ஒருவர் முதல் தடவை ‘கிளினிக் கெசிஹாத்தான்’ எனப்படும் அரசு சுகாதார கிளினிக்குக்குப் போனால், தாதி இளஞ்சிவப்புக் கர்ப்பகாலப் புத்தகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு முழங்கை மடிப்பில் ரத்தம் எடுப்பார். இரும்புச் சத்து, ரத்த வகையோடு எச்.ஐ.வி.யும் அதில் பார்க்கப்படும். 1998-இல் மலேசிய அரசு கிளினிக்குகளில் தொடங்கிய நடைமுறை இது. எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது அந்த ஒரு குழாய் ரத்தம்தான்.

சிகிச்சையே இல்லாவிட்டால், எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்குப் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று வந்துவிடும். தாய் தினமும் மருந்து சாப்பிட்டு, குழந்தைக்குப் பிறந்தவுடன் சில வாரங்கள் மருந்து கொடுத்து, தாய்ப்பாலுக்குப் பதில் பால்மாவு புகட்டினால் இரண்டு பேருக்குக்கூட வராது. 2018 அக்டோபரில் மலேசியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்ததற்கான சான்றிதழ் கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு இதுதான்.

பிறந்த குழந்தைக்கு ஏன் சாதாரணச் சோதனை போதாது என்று பலர் கேட்கிறார்கள். தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கும். தொற்றே இல்லாத குழந்தைக்கும் ‘பாசிட்டிவ்’ என்று காட்டும். அதனால்தான் கிருமியையே நேரடியாகத் தேடும் பிசிஆர் சோதனையைச் சில வார, மாத இடைவெளியில் திரும்பச் செய்கிறார்கள். அந்த மாதங்களை ஒரு தாய் கடப்பது லேசான காரியமில்லை.

கர்ப்பகாலச் சோதனை என்ற அந்தக் காவல் வருவதற்கு முன்போ, அதிலிருந்து நழுவியோ தொற்றோடு பிறந்த பிள்ளைகளும் நம்மிடையே வளர்கிறார்கள். பல வீடுகளில் ராத்திரி எட்டு மணி மாத்திரைக்கு ‘வைட்டமின்’ என்றுதான் பெயர். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வயதில், “உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வைட்டமின்?” என்று பிள்ளை அதை நிறுத்திவிடுகிறது. கிருமி மறுபடி பெருகுகிறது. பழைய மருந்து வேலை செய்யாமலும் போகலாம். பள்ளி வயதிலேயே, புரியும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையைச் சொல்லுங்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது என்பதையும் வயது வரும்போது சொல்ல வேண்டும். ஒரு நாள் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

புதிய தொற்றைத் தடுப்பதிலும் வளரிளம் பருவம்தான் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. பெரியவர்களைச் சோதிக்க வழி இருக்கிறது: திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி. சோதனையை முஸ்லிம் ஜோடிகளுக்கு 2001-இல் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் ஜொகூர். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அது அவரவர் விருப்பம். ஆனால், 18 வயது நிரம்பாத ஒருவர் சோதனை செய்துகொள்ளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று நடுங்கும் பதினாறு வயதுப் பையன் கிளினிக் வாசலையே மிதிக்க மாட்டான். ஆலோசகர் துணையோடு அவன் தனியாக வந்து சோதித்துக்கொள்ள வழி விட வேண்டும் என்பதே என் கருத்து.

சட்டம் மாறும்வரை குடும்பம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ எச்.ஐ.வி. ஒட்டாது. உங்கள் சொந்தத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், தயவுசெய்து அதற்குத் தனித் தட்டு வைக்காதீர்கள்.