அடைக்கலம் தந்த மலையூர்

பிரான்சு நாட்டின் தென்நடுப் பகுதியில் ஒரு பரந்த மலைநிலம் உள்ளது. அது பண்டைக் காலத்தில் எரிமலைகள் கனன்ற நிலம். அதன் கீழ்த்திசை ஓரத்தில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், காடும் புல்வெளியும் கலந்த மேட்டுநிலம் ஒன்று விரிந்து கிடக்கிறது. 1,753 மீட்டர் உயரமுள்ள மேசாங்க் மலைப்பக்கத்தில் தோன்றும் லீனியோன் என்னும் சிற்றாறு இம்மேட்டுநிலத்தின் வழியே ஓடி, லுவார் என்னும் பேராற்றோடு கலக்கிறது. அச்சிற்றாற்றின் கரையில் அமைந்த சிற்றூரே லெ ஷாம்போன். இன்றும் அங்கு வாழ்வோர் தொகை 3,000-ஐ எட்டவில்லை.

அவ்வூரின் குளிர்காலம் நீண்டது, கடுமையானது. வடக்கிலிருந்து வீசும் ஊதைக்காற்று, விழுந்த பனியை வாரியெடுத்துப் பாதைகளை மூடிவிடும். 'பூர்ல்' என்பது அக்காற்றுக்கு மக்கள் இட்ட பெயர். ஆதலின் உழவர்கள் தடித்த கருங்கற் சுவர்களை எழுப்பி, கற்பலகைகளால் கூரை வேய்ந்தனர். மனிதரும் மாடுகளும் ஒரே கூரையின் கீழ்க் குளிர்காலத்தைக் கழித்தனர். உருளைக்கிழங்கும் 'ரை' என்னும் தானியமும் கறவை மாடுகளுமே அவர்தம் செல்வம். பண்ணைவீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில், பைன் மரக் காடுகளுக்கிடையே சிதறிக் கிடந்தன. செல்வர் நாடாத இந்நிலம், துன்புற்றோர் நாடும் புகலிடமாயிற்று.

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கிறித்தவ சமயச் சீர்திருத்தம் எழுந்தபோது, இம்மேட்டுநில மக்களிற் பலர் அதனைத் தழுவினர். கத்தோலிக்கர் மிகுந்த பிரான்சில் அவர்கள் சிறுபான்மையினர். 1598ஆம் ஆண்டில் நான்காம் ஹென்றி மன்னர் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை வழங்கினார். 1685ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னர் அவ்வுரிமையைப் பறித்தார். கோயில்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாடு கடத்தப்பட்டனர். மறைவில் வழிபட்டுப் பிடிபட்ட ஆடவர் கப்பல்களில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாயினர். பெண்டிர் சிறையில் வாடினர். எனினும், காட்டிலும் தொழுவத்திலும் கூடி மலைமக்கள் தம் வழிபாட்டைக் காத்தனர். 1787ஆம் ஆண்டில்தான் அரசு அவர்களுக்குக் குடியுரிமைகளை வழங்கியது. இடைப்பட்ட நூறாண்டுத் துன்பம் அவர்தம் நினைவில் அழியாது பதிந்தது. ஒளிந்து வாழ்வது எத்தகையது என்பதைப் பாட்டனார் பேரனுக்குச் சொல்லி வந்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறு இருப்புப்பாதை இவ்வூரை எட்டியது. தொழில் நகரங்களின் புகையில் மெலிந்த சிறுவர்கள் நல்ல காற்றை நாடிக் கோடையில் இங்கு வந்தனர். விருந்தினரை ஏற்கும் விடுதிகள் பல எழுந்தன. வெளியார் வந்து தங்குவது ஊருக்கு வழக்கமாயிற்று. இவ்வழக்கம் பின்னர்ப் பேருதவி புரிந்தது.

1940ஆம் ஆண்டு ஜூன் திங்களில் செர்மானியப் படைகளிடம் பிரான்சு வீழ்ந்தது. போர் நிறுத்த உடன்பாடு கையெழுத்தான மறுநாளே, ஊர்ப் போதகர்களான ஆந்திரே திரோக்மேயும் எதுவார் தேயிசும் தம் மக்களை நோக்கி, தீமைக்குப் பணியாது ஆன்ம வலிமையையே படைக்கலமாகக் கொண்டு எதிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தினர். அடுத்து வந்த குளிர்காலத்தில், செர்மனியிலிருந்து தப்பிய யூதப் பெண் ஒருவர் பனியில் நடுங்கியவாறு போதகர் இல்லத்தின் கதவைத் தட்டினார். போதகரின் துணைவியார் மாக்தா அவரைத் தயங்காது உள்ளே அழைத்து உணவளித்தார். அவரைத் தொடர்ந்து வேறு பலரும் வந்தனர். பண்ணைவீடுகளும் விடுதிகளும் பள்ளியும் அவர்களுக்குக் கதவு திறந்தன. அண்டை ஊர்களும் அறப்பணிக் கழகங்களும் துணை நின்றன. போலி அடையாளச் சீட்டுகள் உருவாக்கப்பட்டன. சிலர் சுவிட்சர்லாந்து எல்லைக்கு மறைவாக அழைத்துச் செல்லப்பட்டனர்.

1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் காவலர் பேருந்துகளுடன் ஊருக்குள் வந்து, யூதர்களின் பட்டியலைக் கேட்டனர். மனிதரையன்றி வேறு பிரிவு எதனையும் தாம் அறியோம் என்னும் கருத்துப்பட மறுமொழி கூறித் திரோக்மே மறுத்துவிட்டார். பல நாள் தேடியும் பேருந்துகள் ஏறத்தாழ வெறுமையாகவே திரும்பின. தேடப்பட்டோர் காடுகளில் மறைந்திருந்தனர்.

அறத்திற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1943ஆம் ஆண்டில் போதகர் இருவரும் சில வாரம் முகாமில் அடைக்கப்பட்டனர். அதே ஆண்டு ஜூன் திங்களில், மாணவர் விடுதி ஒன்றின் பொறுப்பாளரான தானியேல் திரோக்மே தம் மாணவருடன் பிடிபட்டார். போதகரின் உறவினரான அவர், 1944ஆம் ஆண்டில் போலந்திலிருந்த மைதானெக் முகாமில் உயிர்நீத்தார். ஊர் மருத்துவர் ரொஜே லெ ஃபொரெஸ்தியே அதே ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார்.

இம்மேட்டுநிலத்தில் அடைக்கலம் பெற்றோர் 5,000 பேர் எனப் பல காலம் சொல்லப்பட்டு வந்தது. அத்தொகை குறைவாக இருக்கலாம் என்று கருதும் வரலாற்றாசிரியரும் உளர். 1990ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டின் யாத் வாஷேம் நிறுவனம் லெ ஷாம்போனையும் அண்டை ஊர்களையும் சிறப்பித்தது. ஆனால் ஊரார் அதனைப் பெருமையாகப் பேசவில்லை. கதவைத் தட்டியவரை உள்ளே அழைப்பதில் வியப்பென்ன என்பதே அவர்தம் எண்ணம்.

போர்க்காலத்தில் பெற்றோருடன் இவ்வூரில் ஒளிந்து வாழ்ந்த வியன்னா நகரச் சிறுவன் ஒருவன் பிழைத்து வளர்ந்து பெரியவனானான். 2020ஆம் ஆண்டு திசம்பரில், 90ஆம் வயதில் அவர் மறைந்தபோது, தம் செல்வத்தை இவ்வூருக்கே எழுதி வைத்திருந்தது தெரிய வந்தது. அதன் மதிப்பு ஏறத்தாழ 20 இலட்சம் யூரோ. அதனை இளைஞர்க்கும் கல்விக்கும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். ஏழை உழவர் பகிர்ந்தளித்த உணவும் கூரையும் எண்பது ஆண்டு நெருங்கியும் மறக்கப்படவில்லை. ஓர் ஊரின் பெருமை அதன் பரப்பிலோ செல்வத்திலோ இல்லை. அஞ்சி வந்தோர்க்கு அது திறக்கும் கதவில் உள்ளது.