கழுகுக்கு இடமளிப்பது யார்?

2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அயர்லாந்து நாட்டின் தென்மேற்கு மூலையிலுள்ள கெர்ரி மாவட்டத்தின் சிறு விமான நிலையத்தில் வியப்பான காட்சியொன்று நிகழ்ந்தது. நார்வேயிலிருந்து வந்திறங்கிய பெட்டிகளில் இளங்கழுகுகள் இருந்தன. அவற்றை வரவேற்க ஒரு சாரார் மலர்ந்த முகத்துடன் காத்திருந்தனர். மற்றொரு சாராரோ, ஆடு வளர்க்கும் உழவர்கள், தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்து நின்றனர். முன்னோர் முயன்று ஒழித்த பறவையை, இன்று அரசின் துணையோடே திரும்பக் கொண்டு வருகிறார்களே என்பது அவர்களது மனக்குமுறல்.

இவ்விரு சாராரில் நியாயம் யார் பக்கம்? படித்தவர் பலரும் தயங்காமல் கழுகின் பக்கம் என்பர். அவ்வளவு விரைவாக விடையளிக்க நமக்கு மனம் வரவில்லை.

முதலில் அப்பறவையைப் பற்றிச் சிறிது கூறுவோம். நம் மக்கள் வழக்கில் 'கழுகு' என்னும் ஒரே சொல், இரையைப் பாய்ந்து பிடிக்கும் பறவைக்கும் பிணந்தின்னும் பறவைக்கும் பொதுவாக வழங்குகிறது. ஈண்டு நாம் குறிப்பது முன்னதாகிய வெண்வால் கடற்கழுகு. நம் கடற்கரைகளில் வட்டமிடும் வெண்வயிற்றுக் கடற்கழுகுக்கு இது உறவினம். சிறகுகளை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஏறத்தாழ 8 அடி இருக்கும். மீனும் நீர்ப்பறவையும் இதன் முதன்மையான உணவு. எனினும் செத்துக் கிடக்கும் ஆட்டையும் இது விட்டுவைப்பதில்லை. இப்பழக்கமே பின்னர் இதற்குக் கேடாய் முடிந்தது.

ஒரு காலத்தில் பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இரு தீவுகளின் கடலோரங்களிலும் இப்பறவை பரவி வாழ்ந்தது. ஆடு வளர்ப்போர் நஞ்சு வைத்தனர். பண்ணைக் காவலர் துப்பாக்கியால் சுட்டனர். முட்டை சேகரிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட செல்வந்தர், மிஞ்சிய கூடுகளைச் சூறையாடினர். ஆண்டொன்றுக்கு ஓரிரு குஞ்சுகளையே வளர்ப்பதும், அக்குஞ்சு தானே கூடு கட்டுவதற்கு ஏறக்குறைய 5 ஆண்டுகள் காத்திருப்பதும் இப்பறவையின் இயல்பு. இத்தகைய இனம் இம்மும்முனைத் தாக்குதலை எங்ஙனம் தாங்கும்? அயர்லாந்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அற்றுப்போயிற்று. பிரிட்டனின் கடைசிப் பறவையும் 1918 வாக்கில் ஷெட்லாந்துத் தீவுகளில் மடிந்தது.

பின்னர் மனம் வருந்தியவர்கள் அதை மீட்க முனைந்தனர். 1975இல் ஸ்காட்லாந்தின் ரம் தீவில் நார்வேக் கழுகுகளை விடத் தொடங்கினர். பத்தாண்டுகளில் 82 பறவைகள் விடப்பட்டன. 1985இல்தான், மல் என்னும் தீவில், காட்டிலேயே பொரிந்த முதற் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது. இன்று ஸ்காட்லாந்தில் 150க்கும் மேற்பட்ட இணைகள் வாழ்கின்றன. மல் தீவுக்குக் கழுகைக் காணவே மக்கள் திரள்கின்றனர். ஆண்டுதோறும் பல லட்சம் பவுண்டு வருவாய் என்று கணக்கிட்டுள்ளனர்.

நல்லது. ஆனால் அவ்வருவாய் யாருடைய கைக்குச் செல்கிறது? விடுதி நடத்துவோருக்கும் படகோட்டுவோருக்கும் செல்கிறது. குட்டியைப் பறிகொடுத்த மேய்ப்பன் மலைமேல் நிற்கிறான். அவனிடம் அறை எடுத்துத் தங்குவார் யாருமில்லை.

'கழுகு எடுப்பதெல்லாம் செத்த குட்டியும் சாகப்போகும் குட்டியுமே' என்பது பறவை ஆர்வலர் நெடுங்காலம் கூறிவந்த விடை. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. மல் தீவில் நடந்த ஆய்வே, பல குட்டிகள் முன்பே செத்தவை அல்லது நலிந்தவை என்றாலும், பிழைத்திருக்கக்கூடிய குட்டிகள் சிலவும் பறிபோவதை ஒப்புக்கொண்டது. நாடு முழுவதையும் எண்ணினால் இழப்பு அற்பமே. ஆனால் இழப்பு நாடு முழுவதற்கும் பங்கிடப்பட்டு வருவதில்லையே! கூட்டுக்கு அருகிலுள்ள ஓரிரு பண்ணைகளின் தலையிலன்றோ அது விழுகிறது? நான்கைந்து ஆடுகளை நம்பிப் பிள்ளையின் கல்விக் கட்டணத்தைக் கணக்கிடும் குடும்பங்களை நம் ஊர்களில் நாம் அறிவோம். அவர்களிடம் சென்று, 'ஒரு குட்டிதானே!' என்று சொல்ல நமக்கு நா எழாது.

மீண்டும் கெர்ரிக்கு வருவோம். 2007 முதல் 2011 வரை 100 கழுகுகள் நார்வேயிலிருந்து கொணரப்பட்டுக் கிலார்னி தேசியப் பூங்காவில் விடப்பட்டன. அவற்றை எடுத்த முறையில் குறை காண இடமில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் உள்ள கூட்டிலிருந்து ஒன்றை எடுத்து, பெற்ற பறவைகளுக்கும் ஒன்றை விட்டுவைத்தனர். பறவையிடம் காட்டிய இக்கருத்தை மனிதரிடம் காட்டினார்களா? தங்களோடு உரியவாறு கலந்து பேசவில்லை என்பதே உழவர்களின் குறை.

பறவைகள் விடப்பட்ட சில மாதங்களிலேயே நஞ்சுண்டு மடிந்த கழுகு கண்டெடுக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்டவை அவ்வாறே மாண்டன. உழவர்கள் பழிவாங்கினர் என்று பலர் தூற்றினர். நாம் அறிந்தவரை செய்தி அதனினும் துயரமானது. ஆடு ஈனும் பருவத்திற்கு முன் நரிக்கும் காகத்திற்கும் இறைச்சியில் நஞ்சு கலந்து வைப்பது அம்மலைகளின் பழைய வழக்கம். கழுகு அதைத் தின்றது. இறைச்சியில் நஞ்சு வைப்பதை அந்நாடு 2010இல் சட்டத்தால் தடுத்தது. கழுகுகளைக் கொணரும் முன் செய்திருக்க வேண்டிய வேலை அது.

எவரும் குறிவைக்காமலே பறவை மாளும் இக்கதை நமக்கும் புதிதன்று. நம் நாட்டின் பிணந்தின்னிக் கழுகுகளான பாறுகள் 1990களில் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. நோயுற்ற மாட்டின் வலி தீர இரக்கத்தோடு போட்ட டைக்லோஃபெனாக் ஊசிமருந்து, அம்மாடு செத்தபின் அதைத் தின்ற பறவையைக் கொன்றது. இந்திய அரசு 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. நம் மாநிலத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவை இன்னும் வட்டமிடுகின்றன. இங்கிலாந்திலும் இத்தகைய சாவு நிகழ்ந்தது. அங்கே 2019இல் வைட் தீவில் கழுகுகளை விடத் தொடங்கினர். அவற்றுள் ஒன்று 2022இல் டார்செட் மாவட்டத்தில் இறந்து கிடந்தது. அதன் உடலில் எலி மருந்து மிகுந்திருந்தது. அது எவ்வாறு உடலில் சேர்ந்தது என்பது துலங்கவில்லை. எனினும் 1780க்குப் பின் இங்கிலாந்தில் பொரிந்த முதற் குஞ்சு 2023இல் பறந்தது.

அயர்லாந்துக் கதையில் நம் நெஞ்சைத் தொட்ட பகுதி ஒன்றுண்டு. கிலார்னியில் விடப்பட்ட பறவைகளுள் ஓர் இணை, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கிளேர் மாவட்டத்தில், டெர்க் ஏரிக்கரையிலுள்ள மவுண்ட்ஷானன் என்னும் சிற்றூரைத் தானே தேர்ந்துகொண்டது. 2013இல் அங்கே குஞ்சுகள் பறந்தன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் அயர்லாந்து மண்ணில் பொரித்துப் பறந்த முதற் குஞ்சுகள் அவையே. ஊரார் அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகவே கொண்டாடினர். வருவோர் பார்க்க வசதியாக 2014இல் பார்வையிடமும் அமைத்தனர். பறவை அதே பறவைதான். ஆனால் இங்கே அது பிறர் கட்டளையால் வரவில்லை. ஏரிக்கரையில் வந்து அமர்ந்த விருந்தாளியாக வந்தது. கெர்ரி உழவரின் பேரச்சமும், குட்டிகள் கூட்டங்கூட்டமாய்ப் பறிபோகும் என்பது, மெய்ப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

ஆகவே, கழுகு திரும்ப வேண்டுமா என்று கேட்டால் 'வேண்டும்' என்போம். மனிதன் அழித்ததை மனிதன் மீட்பது கடனே. ஆனால் அக்கடனை அடைக்க நகரத்தார் கையொப்பமிட, மலையடிவார ஏழை மட்டும் பணம் கட்டுவதை நாம் ஏற்கோம். ஸ்காட்லாந்தில் அரசு அமைப்பு ஒரு திட்டம் வகுத்துள்ளது. செத்த குட்டிக்கு விலை தருவது அன்று அது. கழுகு குட்டியின் உடலைத் தூக்கிச் சென்றுவிட்டால் எதைக் காட்டி வழக்குரைப்பது? மாறாக, கூடுதல் காவலுக்கும், ஈனும் ஆடுகளைக் காப்பாக வைக்கும் இடத்திற்கும் உதவித்தொகை தருகின்றனர். தொகை போதாது என்று மேய்ப்போர் முறையிடுகின்றனர். ஆனால் இம்முறை அவர்கள் விமான நிலைய வாயிலில் நிற்கவில்லை. பேச்சு நடக்கும் மேசையருகே அமர்ந்து முறையிடுகின்றனர்.