தாயைப் பிரிக்காத கூரை வேண்டும்

ராயபுரம் பக்கம், துறைமுகச் சுவரை ஒட்டிய நடைபாதை. ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றின் காலில் பழைய சேலைத் துணி கட்டியிருக்கிறது. மறுமுனை விளக்குக் கம்பத்தில். கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையைக் குழந்தை எட்டிவிடாதபடி நீளம் பார்த்துக் கட்டியிருக்கிறார் தாய். பக்கத்தில் எட்டு வயது அக்கா காவல். அவள் பள்ளிக்குப் போகாததற்குக் காரணம் இதுதான்.

முதன்முறை பார்த்தபோது நாங்களும் பதறினோம். "பெத்தவளா நீ?" என்று வழியில் போகிறவர்கள் திட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம். தாய் எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "கட்டாம வுட்டா லாரியில பூடும்க்கா. நான் காசிமேட்டுக்கு மீன் வெட்டப் போவலன்னா சோறு யாரு குடுப்பா?"

இவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். பாட்டி காலத்தில் செங்கல்பட்டுப் பக்கச் சேரியிலிருந்து மூட்டை தூக்கும் வேலைக்கு வந்த குடும்பம். அதே செங்கல்பட்டின் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கைதான் 1892-இல் பஞ்சமி நில ஆணைக்கு வழிவகுத்தது. அந்த நிலம் கைக்கு வந்து, கையில் நின்றும் இருந்தால் பாட்டி எதற்குப் பட்டணத்துப் பிளாட்பாரத்துக்கு வருகிறார்? பட்டணத்திலும் நிம்மதி இல்லை. 1921 ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. எங்கள் மக்கள் வீடற்றுப் போன கதையை வறுமை என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட முடியாது.

சின்னப் பிள்ளை 'பயமாக இருக்கிறது' என்று வாயால் சொல்லாது. இரவில் லாரி பிரேக் போட்டால் அலறி எழும். பழகிய சொற்களையும் விட்டுவிடும். நடைபாதையைக் காலி செய்ய ஆட்கள் வந்துபோன பிறகு, சிறுநீர் அடக்கப் பழகிய பிள்ளைகள் மறுபடி படுக்கையை நனைப்பதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். அந்த வயதில் மனக்காயத்துக்கு முதல் மருந்து பழகிய மடி. தாய் ஆடிப்போனால் பிள்ளையும் ஆடிப்போகும். ஆகவே பிள்ளைக்கு உதவ வேண்டுமானால் தாய்க்கு உதவ வேண்டும். ஆனால் நடப்பது வேறு. 'பிள்ளையை ஹோமில் சேர்த்துவிடு' என்பதுதான் அந்தத் தாய்க்கு அடிக்கடி கிடைக்கும் அறிவுரை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தன் 3-ஆம் பிரிவிலேயே தெளிவாகச் சொல்கிறது: குழந்தையைக் காக்கும் முதற்பொறுப்பு குடும்பத்துடையது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. சட்டத்தின் கடைசி வழி நடைபாதையில் முதல் வழியாகிவிடுகிறது.

ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சென்னையில் காப்பகங்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், வளர்ந்த மகன் வேறிடம். இப்படிப் பிரிவதைவிடக் கம்பத்தடியே மேல் என்று அந்தக் குடும்பம் முடிவெடுத்தால், அதை அறியாமை என்பீர்களா?

கூரை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த வடசென்னைக் குடும்பங்கள் எர்ணாவூர் முகாமில் தங்கவைக்கப்பட்டன. கூரை இருந்தது, கடலும் துறைமுகமும் தள்ளிப்போயின. வருமானம் போய்க் கடன் ஏறியது. 2007 தொடக்கத்தில் அந்த முகாமின் பெண்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி நாடெங்கும் வெளியானது. அவர்கள் பெரும்பாலும் மீனவப் பெண்கள். பிழைப்பிலிருந்து பிரித்து வீடு கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் உடம்பே சொன்னது. அதன் பிறகும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரின் மறுகோடிக்கு அனுப்புவது நிற்கவில்லை. குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

எழுத்தறிந்த மாணவர்கள் இந்த இடத்தில்தான் உதவ முடியும். ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையென்றால், கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. குடிசைப் பகுதிகளுக்கும் இது பொருந்தும். நடைபாதையும் குடியிருப்புதான் என்று வாதாட வேண்டியது எங்கள் வேலை. மீன் வெட்டும் வேலை விடியுமுன் தொடங்குகிறது, அங்கன்வாடி அதற்கெல்லாம் பிறகுதான் திறக்கிறது என்பதையும் மனுவில் எழுதியாக வேண்டும்.

தண்டையார்பேட்டை கருணாலயா அமைப்பின் பிள்ளைகள் இடம்பெற்ற அணி, 2019 மே மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருவோரச் சிறார் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றது. மேடைதோறும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். மட்டை பிடிக்கும் வயதுவரை ஒரு பிள்ளை லாரிக்குத் தப்பி வளர்வது எப்படி என்பதையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

அந்த எட்டு வயது அக்காவை ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனோம். பிறப்புச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. இரண்டையும் நகலெடுத்துக்கொண்டு மறுபடி போகப்போகிறோம். அதற்குள் நடைபாதைப் பிள்ளைகளின் கணக்கை ஒரு நோட்டில் எழுதிவருகிறோம். பிறந்த தேதி என்ற பத்தியில், தாய் சொன்னபடியே, அக்காவுக்கு 'வர்தா புயல்' என்றும் தம்பிக்கு 'மிக்ஜாம் மழை' என்றும் எழுதியிருக்கிறோம்.