தோற்ற பிறகு போடும் கணக்கு

தேசிய லீக்கில் ஆடும் கால்பந்து அணி நீலகிரிக்கென்று எதுவும் இல்லை. ஊட்டி, குன்னூர்க்காரர்கள் மேட்டுப்பாளையம் வழியாக இறங்கினால் கோவை. அங்கே நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய அணி சென்னை சிட்டி, பெயரில்தான் சென்னை. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் நாடுகாணி தாண்டி வழிக்கடவு, நிலம்பூர் என்று இறங்கினால் மலப்புறம். ஏழு பேர் அணிகள் மோதும் செவன்ஸ் கால்பந்துக்கு ராத்திரி பகல் பாராமல் கூட்டம் சேரும் சீமை அது. அதற்கும் அப்பால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா. மலையின் இரண்டு பக்கமும் இருக்கும் இந்த இரண்டு கிளப்புகளின் கதையைத் தெரிந்துகொண்டால், தோல்விக்கு மறுநாள் டீக்கடையில் எழும் “இனி மேலே போக வாய்ப்பு இருக்கா, இல்லையா?” என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

2025 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்தியன் சூப்பர் லீக்குக்கு (ஐஎஸ்எல்) அடுத்த படியில் இருந்த ஐ-லீக்கின் 2024-25 சீசனில் கடைசி நாள். கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் 39 புள்ளி, கோகுலம் 37, ரியல் காஷ்மீரும் இன்டர் காஷியும் தலா 36. கோகுலத்துக்குச் சொந்த ஊரில், டெம்போ அணியுடன் ஆட்டம். தான் ஜெயித்து, ரியல் காஷ்மீரிடம் சர்ச்சில் தோற்றால் கோப்பை. தாபிசோ பிரவுன் ஆரம்பத்திலேயே இரண்டு கோல் போட்டார். 2-0. அப்புறம் எல்லாம் தலைகீழானது. முடிவில் 3-4. அங்கே சர்ச்சில் டிரா செய்து 40-க்குப் போனது.

இப்படியொரு தோல்வி வந்ததும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். “எல்லாம் போச்சு” என்பது ஒரு கட்சி. “கணக்குப்படி இன்னும் இருக்கு” என்பது இன்னொன்று. கணக்குக் கட்சியின் வேலை உண்மையில் சுலபம். மீதி ஆட்டங்களை மூன்றால் பெருக்கி, கையில் இருக்கும் புள்ளியோடு கூட்டினால் அணி தொடக்கூடிய உச்சம் வரும். அந்த உச்சம் முதலிடத்தில் இருப்பவர் ஏற்கெனவே எடுத்த புள்ளியை விடக் குறைவு என்றால் கதை முடிந்தது, அதுவரை முடியவில்லை. ஆனால் உச்சம் என்பது எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தால் வருவது. எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்கிற அணி நேற்று ஏன் தோற்றது என்று எதிர்க்கட்சி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

அதனால் பழைய சாம்பியன்களின் புள்ளியைப் பார்ப்பது மேல். பஞ்சாப் 2022-23-இல் 22 ஆட்டத்தில் 52 எடுத்தது. அடுத்த சீசனில் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் 52, ஆனால் 24 ஆட்டத்தில். ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு புள்ளிக்கு மேல். இதை அளவுகோலாக வைத்தால் 2024-25-இல் ஒருவருமே தேற மாட்டார்கள். 22 ஆட்டம் முடிந்தும் சர்ச்சிலுக்கு 40-தான். ஒருவரையொருவர் வீழ்த்திக்கொண்டே இருக்கும் லீக்கில் ஒரு தோல்வியின் விலை குறைவு. ஒரே அணி தனியாக ஓடும் சீசனில் அதே தோல்வி மிகவும் விலையுயர்ந்தது. ‘நாம் எத்தனை தோற்றோம்’ என்பதோடு ‘மேலே இருப்பவர் எத்தனை தோற்கிறார்’ என்பதையும் பார்க்கவேண்டும்.

யாரிடம் தோற்றோம் என்பதும் முக்கியம். நடுவில் கிடக்கும் அணியிடம் தோற்றால் போவது மூன்று புள்ளி. போட்டியாளரிடம் தோற்றால் நமக்கு வரவேண்டிய மூன்று அவர் கணக்கில் ஏறிவிடும். போதாததற்கு, ஐ-லீக்கில் புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களை. டிவியில் இங்கிலீஷ் பிரிமியர் லீக் பார்த்துப் பழகியவர்கள் கோல் வித்தியாசத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள். இங்கே அது பிறகுதான். 2020-21-இல் கோகுலமும் சர்ச்சிலும் 29 புள்ளியில் சமமாக நின்றன. கோகுலம் நான்கு ஆட்டம் தோற்றிருந்தது, சர்ச்சில் இரண்டே இரண்டு. நேருக்கு நேர் கணக்கில் கோப்பை கோகுலத்துக்கு. அந்தக் கடைசி ஆட்டத்திலும் டிராவ் அணியிடம் முதலில் கோல் வாங்கி, இரண்டாம் பாதியில்தான் நான்கு கோல் போட்டு 4-1 என்று முடித்தார்கள். தோல்விகளை எண்ணி அழுதவர்கள் அன்று என்ன செய்தார்களோ!

சரி, கோப்பை வென்றார்களே, மேலே போனார்களா? இல்லை. ஐஎஸ்எல்லுக்குள் நுழையும் கதவு அப்போது ஐ-லீக் சாம்பியனுக்குத் திறக்கவே இல்லை. கோகுலம் 2021-22-இலும் கோப்பையைத் தக்கவைத்தது. ஐ-லீக்கில் அப்படிச் செய்த முதல் அணி அது. அப்போதும் கதவு மூடியேதான் இருந்தது. சாம்பியனை மேலே ஏற்றும் முறை 2022-23-இல் தொடங்கி, முதலில் போனது பஞ்சாப். கோகுலத்துக்குத் தப்பியது ஒரே ஒரு சீசன்!

கோவைப் பக்கமும் இதே வருத்தம்தான். 2019 மார்ச் 9 அன்று நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திச் சாம்பியன் ஆனது சென்னை சிட்டி. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். கோல் மழை பொழிந்தவர் பெட்ரோ மான்சி. அவர்களுக்கும் புரமோஷன் கிடையாது. அந்த ஆண்டு அக்டோபரில்தான், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு கோலாலம்பூரில் கூட்டிய கூட்டத்தில், கதவு எப்போது திறக்கும் என்பதற்கே பாதை வகுத்தார்கள்.

அந்தப் பாதையில் ஒரு நிபந்தனை உண்டு. சாம்பியன் ஆனால் மட்டும் போதாது, கிளப் லைசென்ஸும் வேண்டும். மைதானம், இளையோர் அணிகள், நிர்வாக ஆட்கள், கணக்கு வழக்கு, ஆட்டக்காரர்களின் சம்பளப் பாக்கி எல்லாவற்றையும் பார்த்துத் தருகிற சான்று அது. ரசிகர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேச சுவாரசியமாகவும் இருக்காது. ஆனால் சென்னை சிட்டியைக் கடைசியில் லீக்கிலிருந்து வெளியேற்றியது எந்த எதிரணியும் இல்லை, லைசென்ஸ் நிபந்தனைகள்தான். கோப்பை வென்ற மூன்றாவது ஆண்டுக்குள், 2021-இல், அவர்களுக்கு ஐ-லீக்கில் இடம் இல்லாமல் போனது. எனவே நம் அணியின் வாய்ப்பை எடைபோடும்போது, சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்ற செய்தியையும் ஸ்கோரைப் படிக்கும் அதே கவனத்தோடு படிக்கவேண்டும் என்பேன்.

மைதானம், லைசென்ஸ் இரண்டும் போக, மூன்றாவது களம் விசாரணை அறை. 2025 ஏப்ரல் 6-க்குத் திரும்பினால், அன்று மைதானத்தில் எதுவுமே முடிவாகவில்லை. கடைசி ஆட்டத்தை ஜெயித்து 39-இல் நின்றது இன்டர் காஷி. ஜனவரியில் அவர்களை வீழ்த்திய நாம்தாரி அணி, தடையில் இருந்த ஆட்டக்காரரை இறக்கியது என்ற புகார் நிலுவையில் இருந்தது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு காஷிக்குச் சாதகமாகச் சொன்னது. மேல்முறையீட்டுக் குழு அதை மாற்றி, சர்ச்சிலைச் சாம்பியன் ஆக்கியது. விவகாரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கும் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போனது. அங்கே நாம்தாரி ஆட்டத்தின் மூன்று புள்ளியும் காஷிக்கு வந்தது. ஜூலை 18 அன்று காஷியைச் சாம்பியனாக அறிவிக்க உத்தரவு. மொத்தம் 42.

இப்போது கோகுலத்தின் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அன்று டெம்போவை ஜெயித்திருந்தால் அவர்களுக்கு 40. சர்ச்சில் தோற்றிருந்தால் கோப்பையையும் அன்றே தூக்கியிருக்கலாம். மூன்று மாதம் கழித்து லோசானில் அதே தீர்ப்பு வந்திருந்தால், 42-க்கு முன்னால் அந்த 40 எடுபட்டிருக்காது. கோழிக்கோட்டில் அத்தனை பேரைத் தூங்கவிடாமல் செய்த அந்த 3-4, புரமோஷன் கணக்கில் ஒன்றையும் மாற்றவில்லை.

காஷிக்காவது நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்னால், ஜூலை 11 அன்று, ஐஎஸ்எல் சீசனையே நிறுத்திவைப்பதாக லீக்கை அப்போது நடத்திவந்த நிறுவனம் கிளப்புகளுக்கு எழுதியிருந்தது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துடன் அது போட்டிருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடியவிருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவு எதுவும் எட்டப்படவில்லை. மேலே ஏறும் உரிமை காஷியின் கைக்கு வந்தபோது, ஏறிப் போகவேண்டிய லீக் எப்போது தொடங்கும் என்பது யாருக்கும் தெரியாமல் இருந்தது.