அப்பா இறந்து 7 வாரத்தில் சி.ஏ. தேர்வு... எழுதலாமா, தள்ளிப்போடலாமா? துக்கத்துக்கு நடுவே நிதித்துறை வேலைக்குத் தயாராவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஓர் உதாரணத்தோடு ஆரம்பிப்போம். ராஜபாளையத்தில் ஒரு வீடு. அப்பா ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். மகளுக்கு 22 வயது, பி.காம். முடித்துவிட்டு சி.ஏ. இன்டர்மீடியட் தேர்வுக்குப் படிக்கிறார். மே மாதம் தேர்வு. மார்ச் நடுவில் அப்பா மாரடைப்பில் இறந்துபோகிறார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டில் கூட்டம் குறைகிறது. மகள் புத்தகத்தைத் திறக்கிறார். ஒரே கணக்கை நாலு தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான். அடுத்து என்ன செய்வது?

பெயரும் ஊரும் வேறாக இருக்கலாம். ஆனால் சி.ஏ., வங்கித் தேர்வு, சி.எஃப்.ஏ. என்று வருடக்கணக்கில் படிக்கும் பலருக்கு, அந்த வருடங்களுக்குள்ளேயே இப்படி ஓர் இழப்பும் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எழும் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படித்தது ஏன் மண்டையில் ஏறவில்லை?

இது சோம்பேறித்தனம் இல்லை. நெருங்கியவர் இறந்தபின் தூக்கம் கெடுவது, கவனம் சிதறுவது, சாவியை எங்கே வைத்தோம் என்பதுகூட மறந்துபோவது எல்லாமே துக்கத்தின் சாதாரண அறிகுறிகள். நிதிப் பாடங்களில் ஒரு எண்ணைத் தவறாக எடுத்தாலே விடை மாறிவிடும். அதனால் இந்தத் தடுமாற்றம் மற்றவர்களைவிட இவர்களுக்குச் சீக்கிரம் கண்ணில் படுகிறது. "நமக்கு மூளையே வேலை செய்யலையே" என்ற பயமும் கூடவே வந்துவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது மாதங்கள் போகப்போகத் தானாகவே குறையும்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. 1969-ல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் எழுதிய புத்தகத்தில் இருந்து வந்தது இது. ஆனால் அவர் முதலில் எழுதியது, சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளைப் பற்றி. உறவை இழந்தவர்கள் எல்லாரும் இந்த ஐந்தையும் வரிசையாகக் கடந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

படிக்கும் பிள்ளைகளுக்கு அதிகம் உதவக்கூடியது இன்னொரு விளக்கம். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999-ல் முன்வைத்தது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார் என்கிறது அது. ஒரு பக்கம் இழப்பு: நினைத்து அழுவது, போட்டோவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது. இன்னொரு பக்கம் வாழ்க்கை: வங்கிக்குப் போவது, படிப்பது, அப்பா செய்துவந்த வேலையைக் கற்றுக்கொள்வது. இந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம் என்கிறார்கள் அவர்கள்.

அதாவது, காலையில் அழுதுவிட்டு மதியம் வரிக் கணக்குப் போட்டால் அப்பாவை மறந்துவிட்டதாக அர்த்தமில்லை. மதியம் நன்றாகப் படித்துவிட்டு ராத்திரி உடைந்து அழுதால் மனசு பலவீனமானது என்றும் அர்த்தமில்லை.

தேர்வை எழுதுவதா, விடுவதா?

முதலில் ஒரு விஷயம். சி.ஏ. தேர்வு இப்போது ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது: ஜனவரி, மே, செப்டம்பர். ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட் தேர்வுகளுக்கு 2024 முதலும், ஃபைனலுக்கு 2025 முதலும் இந்த முறை வந்தது. மே மாதம் விட்டால் செப்டம்பர். நடுவில் நாலு மாதம்தான். முன்பு போல ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, எல்லாத் தாளையும் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. இன்டர்மீடியட்டில் மொத்தம் ஆறு தாள்கள், மூன்று மூன்றாக இரண்டு குரூப். ஒரு குரூப்பை மட்டும் எழுதலாம். தேர்ச்சிக்கு ஒவ்வொரு தாளிலும் 40 மதிப்பெண்ணும், குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். தேறாமல் போனாலும், ஒரு தாளில் 60 எடுத்திருந்தால் அந்தத் தாளுக்கு அடுத்த மூன்று தேர்வுகளுக்கு விலக்கு கிடைக்கும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அந்த விலக்கு வேண்டுமென்றால் அந்தக் குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதியிருக்க வேண்டும். முதல் இரண்டு தாளை எழுதிவிட்டு, "இதுக்கு மேல முடியல" என்று மூன்றாவதுக்குப் போகாமல் இருந்தால் விலக்கு கிடைக்காது. மனசு சரியில்லை என்றாலும் ஹாலில் போய் உட்கார்ந்து, தெரிந்ததை எழுதிவிட்டு வருவது நல்லது.

ஒரு குரூப்பை மட்டும் எழுதுவதில் நஷ்டமும் உண்டு. புதிய திட்டத்தின்படி இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியில் சேர முடியும். அது நாலு மாதம் தள்ளிப்போகும். இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதும்போது, ஒன்றில் மொத்தம் குறைந்தாலும் மற்றொன்றின் கூடுதல் மதிப்பெண் கைகொடுக்கும். அந்த வசதியும் போய்விடும். கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். ஆனால் நாலு மாதத் தாமதம், இரண்டு குரூப்பும் கைவிட்டுப் போவதைவிடச் சின்ன நஷ்டம்தான்.

வங்கித் தேர்வு எழுதுவோருக்கு: ஐ.பி.பி.எஸ். பி.ஓ. தேர்வுக்கு வயது வரம்பு 20 முதல் 30. ஓ.பி.சி. பிரிவினருக்கு 3 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடு இல்லை. 23 வயதில் ஒரு வருடத்தை விட்டால் கதவு மூடிவிடாது. சி.எஃப்.ஏ. முதல் நிலைத் தேர்வு ஆண்டுக்கு நான்கு முறை நடக்கிறது. நெருங்கிய குடும்ப உறவினர் இறந்திருந்தால், ஆவணத்தோடு விண்ணப்பித்துத் தள்ளிவைக்கக் கேட்கலாம்.

முடிவெடுக்க எளிமையான ஒரு வழி: காரியம் முடிந்த பிறகு ஒரு வாரம் படித்துப் பாருங்கள். தினமும் இரண்டு மணி நேரமாவது உட்கார முடிகிறதா? பழைய வினாத்தாளில் ஒன்றையாவது நேரம் வைத்துப் போட முடிகிறதா? முடிந்தால் ஒரு குரூப்பை வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமாக முடியவில்லை என்றால் அடுத்த தேர்வுக்குத் தேதி குறித்துவிட்டு, இந்தத் தேர்வை நிம்மதியாக விடுங்கள்.

"இனி நீதான் எல்லாம்" என்கிறார்களே...

சாவு வீட்டில் தவறாமல் காதில் விழும் வசனங்கள் இவை. "இனி நீதான் குடும்பத்தைப் பார்த்துக்கணும்." "அழாத, படி. அப்பா ஆசையை நிறைவேத்து." "இதெல்லாம் எப்போ முடிச்சு எப்போ சம்பாதிக்கிறது? பேசாம ஒரு வேலைக்குப் போ." சொல்வது மாமாவோ சித்தப்பாவோ, கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் கேட்பவருக்கு மூன்றும் சேர்ந்து பாரமாகிவிடும்.

பதில் சொல்ல அவசரம் வேண்டாம். "மூணு மாசம் டைம் குடுங்க மாமா, அம்மாகிட்ட பேசிட்டு சொல்றேன்" என்றால் போதும். அந்த மூன்று மாதத்தில் வீட்டு வரவு செலவு என்ன, கடன் என்ன, கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். அது தெரியாமல் படிப்பை விடுவதும் தப்பு, பிடிவாதமாகத் தொடர்வதும் தப்பு.

அப்பாவின் கணக்குகள்: முதலில் எதைப் பார்ப்பது?

நிதி படிக்கும் பிள்ளைகள் கையில் எடுக்கும் முதல் ஃபைல் பெரும்பாலும் சொந்த அப்பாவுடையதாகவே ஆகிவிடுகிறது. கையெழுத்தைப் பார்த்தாலே அழுகை வரும். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், தம்பியையோ நண்பரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வாரம் இரண்டு வேலை என்று பிரித்துச் செய்யுங்கள்.

• இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் பிரதிகளைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். தாசில்தார் வழங்குவார்.

• அப்பாவின் ஏ.டி.எம். கார்டிலோ யு.பி.ஐ.யிலோ பணம் எடுக்க வேண்டாம். பின்னால் சட்டச் சிக்கல் வரும். வங்கியில் தெரிவித்து, நாமினி மூலம் கேளுங்கள். சரியான ஆவணங்கள் கொடுத்த 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை உள்ளவர் மட்டுமே. வாரிசுகளின் பங்கு அதனால் போய்விடாது.

• வங்கி பாஸ்புக்கில் ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுப் பிரீமியமாக இருக்கலாம். காப்பீடு நடப்பில் இருந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

• பி.எஃப். இருந்த வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால், பி.எஃப். தொகையோடு இ.டி.எல்.ஐ. காப்பீடாக அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மனைவிக்குப் பென்ஷன் உண்டு. பிள்ளைகளுக்கும் 25 வயது வரை உண்டு. நம் உதாரணத்தில் வரும் 22 வயது மகளுக்கும் இது பொருந்தும்.

• அப்பா தனியாக வாங்கிய கடனுக்கு நீங்கள் ஜாமீனோ கூட்டுக் கடனாளியோ இல்லை என்றால், அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் பொறுப்பு. போனில் யாராவது மிரட்டினால் எழுத்தில் கேளுங்கள்.

• அப்பா வருமான வரி வரம்புக்குள் வந்தவர் என்றால், இறந்த நாள் வரையான வருமானத்துக்குச் சட்டப்படியான வாரிசு கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

உடனே சம்பாதித்தாக வேண்டிய நிலை என்றால்?

அப்பா அரசு ஊழியராகவோ பொதுத்துறை வங்கி ஊழியராகவோ இருந்து பணியில் இறந்திருந்தால், கருணை அடிப்படையிலான வேலைக்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழக அரசுப் பணி என்றால் மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்தில் யார் பெயரில் கேட்பது என்பதை அம்மாவோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

மற்றவர்களுக்கு, ஊரிலுள்ள ஆடிட்டர் ஆபீஸ்களில் கணக்கு எழுதுவது, டேலி பதிவு, ஜி.எஸ்.டி. தாக்கல் போன்ற வேலைகள் இருக்கும். சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் படிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேலை. இதை இறக்கமாக நினைக்காதீர்கள். ஆறு மாதம் நிஜ பில்களைக் கையாண்டவருக்கு வரித் தாள் கொஞ்சம் சுலபமாகத்தான் தெரியும்.

மறுபடி படிக்க உட்காருவது எப்படி?

பழைய டைம்டேபிளை எடுக்காதீர்கள். பத்து மணி நேரம் படித்தவர் மனசு இப்போது இல்லை. 40 நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் இடைவெளி என்று ஆரம்பியுங்கள். மனப்பாடப் பகுதியைவிடக் கணக்குப் போடும் தாள் முதலில் சுலபமாக இருக்கலாம். கை வேலை செய்யும்போது மனசு கொஞ்சம் நிற்கும்.

காலண்டரில் தேர்வுத் தேதிகளோடு அப்பாவின் மாதத் திதி, பிறந்தநாள், முதல் தீபாவளி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். அந்த நாட்களில் படிப்பு ஓடாது என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால், அன்றைக்குக் குற்ற உணர்ச்சி இருக்காது.

இன்னொரு நாளுக்கும் தயாராக இருங்கள்: ரிசல்ட் வரும் நாள். பாஸ் என்றாலும் முதலில் போன் செய்ய நினைக்கும் ஆள் இல்லை. தேறிய அன்றைக்கு அதிகமாக அழுதவர்கள் உண்டு. அன்று தனியாக இருக்காதீர்கள்.

இன்டர்வியூவில் இடைவெளியைக் கேட்டால்?

மறைக்கவும் வேண்டாம், முழுக்கதை சொல்லவும் வேண்டாம். இரண்டு வாக்கியம் போதும். "அப்பா இறந்ததால் ஆறு மாதம் குடும்பப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டேன். அதன்பின் செப்டம்பரில் முதல் குரூப்பையும், ஜனவரியில் இரண்டாவதையும் முடித்தேன்." இதைக் கண்ணாடி முன் பத்து தடவை சொல்லிப் பழகுங்கள். முதல் தடவை தொண்டை அடைக்கும், பத்தாவது தடவை வார்த்தை வரும். அப்படியும் குரல் உடைந்தால், "ஒரு நிமிஷம் சார்" என்று கேட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஏக்கமும் வேதனையும் கொஞ்சமும் குறையாமல், அன்றாட வேலைகளையே செய்ய முடியாதபடி இருந்தால், அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலிலேயே இது இருக்கிறது, சிகிச்சையும் உண்டு. ஆனால் சாப்பாடு, தூக்கம் அறவே இல்லை, குடிப்பழக்கம் கூடுகிறது, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் ஆறு மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பேசுங்கள்.

மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050.

ராஜபாளையத்து மகளிடம் திரும்புவோம். மே மாதத்துக்கு அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: இரண்டு குரூப், ஒரு குரூப், அல்லது செப்டம்பர். எதை எடுத்தாலும் சி.ஏ. கனவு முடிந்துவிடாது. அதை அவரிடம் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், "எப்போ எக்ஸாம்?" என்று கேட்பதற்கு முன்னால் "சாப்டியா?" என்று கேளுங்கள்.